தம்பி வயசு

வெற்றிலைதான் முதலில் போனது. பச்சை இலை எதையும் ஆஸ்திரேலியாவுக்குள் விட மாட்டார்கள் என்று போனில் நாலு தடவை சொல்லியிருந்தேன். நாலு தடவையும் "சரித்தா, சரித்தா" என்றவள், சின்னமனூர் வெற்றிலை இரண்டு கவுளியை ஈரத்துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டுதான் அடிலெய்டில் வந்து இறங்கினாள் அப்பத்தா. தாத்தாவுக்குப் பொய் வராது. அதிகாரி கை காட்டியதும் பெட்டியைத் திறந்து, துணியையும் அவிழ்த்துக் காட்டிவிட்டார். அபராதம் போடவில்லை, இலையை மட்டும் தொட்டியில் போட்டார்கள். மூன்று நாள் கிராம்பை வாயில் ஒதுக்கிக்கொண்டு, தாத்தாவிடம் முகம் கொடுக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

2014 மார்ச் மாதம். நான் அங்கே வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது வருஷம். கிளனெல்க் கடற்கரைக்கு டிராமில் போனோம், மிருகக்காட்சிசாலையில் தூங்கிக்கொண்டிருந்த பாண்டாவைப் பார்த்தோம், அடிலெய்டு ஒரு வாரத்தில் தீர்ந்துவிட்டது. சிட்னிக்குக் கூட்டிப் போ என்றார்கள் கூட வேலை பார்த்தவர்கள். என் கையிருப்புக்கு ஒரு மணி நேரக் கார்ப் பயணம்தான் கட்டியது. அதுவும் ஒருவகையில் பொருத்தம்தான். பரோசா பள்ளத்தாக்கு முழுக்கத் திராட்சை. தாத்தா கம்பம் பள்ளத்தாக்கில் முப்பது வருஷம் பன்னீர்த் திராட்சை போட்டவர்.

இடைஞ்சல் 'ஒயின்' என்ற சொல்லில் இருந்தது. அப்பத்தாவின் அண்ணன் சாராயத்தில் போனவர். வீட்டில் அந்த வாடை உள்ள எதற்கும் இடமில்லை. "பேத்தி வெளிநாட்டுல கூப்பிட்டு வச்சு, கடைக்குக் கூட்டிட்டுப் போறா பாரு" என்று ஆரம்பித்தாள். தோட்டம் பார்க்கத்தான் போகிறோம், குடிக்கிறவர்கள் குடிப்பார்கள், நான் வண்டி ஓட்டுகிறேன், ஒரு சொட்டும் தொட மாட்டேன் என்று சத்தியம் செய்த பிறகுதான் சேலையை மடித்துப் பையில் வைத்தாள்.

வழியில் வில்லியம்ஸ்டவுன் பக்கம் பரோசா அணைக்குத் திரும்பினேன். கம்பத்துக்காரரை அணை காட்டாமல் எங்கேயும் கூட்டிப் போக முடியாது. எங்கள் ஊர்ப் பக்கம் பென்னிகுக் படம் சாமி படங்களோடு மாட்டியிருக்கும். 1895ல் கட்டி முடித்த பெரியாறு அணைத் தண்ணீரில்தான் எங்கள் நெல்லும் வாழையும் திராட்சையும். அணையில் எத்தனை அடி தண்ணீர் தேக்கலாம் என்ற பெரியாறு வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு அப்போது இன்னும் வரவில்லை, மே மாதம்தான் வந்தது. ஆகவே தாத்தா தினமும் காலையில் ஊருக்குப் போன் போடச் சொல்லி அப்பாவிடம் கேட்கிற முதல் கேள்வி, "டேம்ல தண்ணி எத்தனை அடி நிக்குது?" பிறகுதான் பிள்ளைகள் சாப்பிட்டார்களா, ஆடு குட்டி போட்டதா எல்லாம்.

பரோசா அணை சின்னது. 36 மீட்டர் உயரம், 1902ல் கட்டி முடித்த கான்கிரீட் வில். அதற்குக் கூட்டம் வருவது தண்ணீருக்காக இல்லை, சுவருக்காக. வளைந்த சுவரின் ஒரு முனையில் வாயை வைத்துக் குசுகுசுவென்று பேசினால், நூற்று நாற்பது மீட்டருக்கு அப்பால் மறுமுனையில் நிற்கிறவர் காதில் பக்கத்தில் நின்று பேசுவதுபோல் விழும். சத்தம் சுவரின் வளைவை ஒட்டியபடியே ஓடிப் போய்விடுகிறது. கட்டியவர்கள் அப்படித் திட்டம் போட்டுக் கட்டவில்லை, தானாக அமைந்தது.

தாத்தாவை அந்த முனையில் நிறுத்திவிட்டு, அப்பத்தாவை இந்த முனையில் சுவரைப் பார்த்துத் திருப்பி நிறுத்தினேன். "என்னத்தப் பேச?" என்றாள். எதையாவது சொல் அப்பத்தா என்று சொல்லிவிட்டு நடைபாதையின் நடுவுக்குப் போய் நின்றேன். நடுவில் நிற்பவருக்கு ஒன்றும் கேட்காது என்பது அங்கே போன பிறகுதான் தெரிந்தது. சேலைத் தலைப்பை வாயருகே பிடித்துக்கொண்டு அவள் சுவரோடு எதையோ சொன்னாள். கொஞ்ச நேரம் பிடித்தது, ஒரு வார்த்தை இரண்டு வார்த்தை இல்லை. தாத்தா தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே இருந்தார். பதில் சொல்லவில்லை. திரும்பி நடந்து வந்தவர், "நல்லாக் கேக்குது" என்றார், அவ்வளவுதான். ஐம்பத்து நாலு வருஷக் குடித்தனத்தில் அத்தனை தூரத்தில் நின்று அவர்கள் பேசிக்கொண்டது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

லிண்டாக் தாண்டியதும் இரண்டு பக்கமும் கொடிகள். தாத்தா வண்டியை நிறுத்தச் சொன்னார். கொடி என்று நான் சொன்னதை அவர் ஒப்புக்கொள்ளவில்லை. எங்கள் பக்கம் கல்தூண் ஊன்றி, கம்பி இழுத்து, தலைக்கு மேல் பந்தல் போட்டிருப்போம். நிழலில் நின்று அண்ணாந்து பார்த்தால் குலை குலையாகத் தொங்கும். இங்கே இடுப்பு உயரத்தில், கட்டை குட்டையாக, மொட்டை வெயிலில் வரிசையாக நிற்கின்றன. சிலவற்றுக்குக் கம்பிகூட இல்லை.

"பந்தல் இல்லையா?"

"இல்ல தாத்தா."

"எத்தனை வெட்டு?"

"வருசத்துக்கு ஒண்ணுதான். இப்ப, இந்த ரெண்டு மூணு மாசந்தான் அறுப்பு."

அவர் என்னை நம்பாமல் பார்த்தார். பன்னீருக்குக் கவாத்து வெட்டினால் நூற்றிருபது நாளில் காய் பறிக்கலாம். இரண்டு வருஷத்துக்கு ஐந்து வெட்டு எடுத்தவர் அவர். பனிக்காலத்தில் இங்கே கொடி இலையை உதிர்த்துத் தூங்கிப் போகும் என்று விளக்கினேன். "சம்பளத்தோட லீவு" என்றார்.

தனுண்டாவில் லாங்மெய்ல் என்ற தோட்டத்தில் 1843ல் நட்ட ஷிராஸ் கொடிகள் இன்னும் காய்க்கின்றன. பிரஷ்ய மன்னர் வழிபாட்டு முறையில் கை வைத்ததைப் பொறுக்காமல் கப்பலேறி வந்த லூத்தரன் குடும்பங்கள் இந்தப் பள்ளத்தாக்கில் குடியேறத் தொடங்கியது 1842ல். அதாவது வந்த கையோடு நட்ட கொடிகள். அடிமரம் முறுக்கிய பழந்துணி மாதிரி, கிழவன் முழங்கை மாதிரி இருக்கும். இங்கே கொடிகளுக்கு வயதுப் பட்டம்கூட உண்டு. 2009ல் ஒரு சாசனம் எழுதி, முப்பத்தைந்து வயதைத் தாண்டினால் ஒரு பெயர், எழுபதைத் தாண்டினால் ஒன்று, நூறுக்கு ஒன்று, நூற்றிருபத்தைந்துக்கு மேல் போனால் 'மூதாதை' என்று வைத்திருக்கிறார்கள். எங்கள் பக்கம் பதினைந்து வருஷம் ஆனால் விளைச்சல் குறைகிறது என்று பிடுங்கிவிட்டுப் புதிதாக வைப்பார்கள்.

இத்தனை வயதுக்கு அவை தப்பிப் பிழைத்ததற்குக் காரணம் ஒரு பூச்சி வராமல் போனது. பைலாக்சரா. வேரைத் தின்னும் சின்னஞ்சிறு பேன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் திராட்சைத் தோட்டங்களை அழித்தது அதுதான். பக்கத்து மாநிலமான விக்டோரியா வரைக்கும் வந்தது, தெற்கு ஆஸ்திரேலியாவுக்குள் வரவில்லை. மண் ஒட்டிய செருப்பில்கூட ஏறி வந்துவிடும் என்பதால் வேலிதோறும் 'உள்ளே நுழையாதே' பலகை. அதை வாசித்துக் காட்டினேன். தாத்தா குனிந்து தன் தோல் செருப்பைப் பார்த்தார். பிறகு இரண்டையும் கழற்றி, காரின் கீழே ஜோடியாக வைத்துவிட்டு, வெறுங்காலோடு வேலியருகே போய் நின்றார். உள்ளே போகவில்லை, போகவும் கேட்கவில்லை. அவர் தோட்டத்துக்குள்ளும் எங்களைச் செருப்போடு விட்டதில்லை.

"தண்ணி எங்கிருந்து வருது?"

"இந்தப் பழைய கொடிகளுக்கு நிறையத் தோட்டத்துல பாய்ச்சுறதே இல்லையாம். மழைதான். வேர் அவ்வளவு ஆழம்."

கம்பிவேலியைப் பிடித்தபடி ரொம்ப நேரம் நின்றார். "கெணறு இல்லாமயே ஒரு வெள்ளாமை" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், எங்கள் குடும்பத்தைப் பிரித்தது ஒரு கிணறு. தாத்தாவுக்கும் அவர் தம்பிக்கும் ஆளுக்கு இரண்டரை ஏக்கர், நடுவில் பொதுக் கிணறு. முறைத் தண்ணீரில் ஏதோ தகராறு. மோட்டார் யாருடையது, கரண்ட் பில் யார் கட்டுவது என்று வளர்ந்து 1986ல் பேச்சு நின்றது. எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து சின்னத் தாத்தாவை அவர் பெயரால் சொன்னதில்லை, 'மேலத்தோட்டத்துக்காரன்' என்பார். கல்யாண வீட்டில் ஒருவர் பந்தியில் உட்கார்ந்தால் மற்றவர் கைகழுவப் போய்விடுவார். 2009ல் தாத்தா பந்தலைப் பிரித்து, ஜேசிபி விட்டுக் கொடிகளை வேரோடு பிடுங்கி வாழை வைத்தார். அன்று மேலத்தோட்டத்து வரப்பில் சின்னத் தாத்தா துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றதாக அப்பா சொல்லியிருக்கிறார். யாரும் யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை.

மத்தியானம் ஒயின் சுவைக்கிற கூடம் ஒன்றுக்குப் போனோம். மர மேடை, அதற்குப் பின்னால் ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண்மணி. அவரே ஒரு விவசாயி வீட்டு மகள். அப்பத்தா வாசலோடு நின்றுகொண்டாள். உள்ளே ஒரு ஜோடி ஒயினை வாயில் வைத்துக் கொப்பளித்து, மேடை மேலிருந்த ஈயக் குவளையில் துப்பினார்கள். அதைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. "படிக்கம் வச்சிருக்காக!" என்று உள்ளே வந்துவிட்டாள். முழுங்காமல் துப்புகிற சமாச்சாரம் என்றால் அது அவளுக்கு வேறு கணக்கு. அறுபது வருஷம் வெற்றிலை போட்டவளுக்குத் துப்புவதில் யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

முதலில் ஷிராஸ். வாயில் வைத்து, கன்னத்தில் ஒதுக்கி, படிக்கத்தில் நேர்கோடாகத் துப்பினாள். ஒரு சொட்டு வெளியே படவில்லை. பக்கத்து ஜோடி அசந்து போய்ப் பார்த்தார்கள். "கொட்டப்பாக்குத் துவர்ப்பு" என்றாள். அந்தப் பெண்மணி ஈறைத் தொட்டுக் காட்டி, நாக்கு வறண்டு இழுப்பதுபோல் இருக்குமே என்று டானினை விளக்கத் தொடங்கியிருந்தார். அறுசுவையில் அதற்கென்று ஒரு பெயர் எங்களிடம் இருக்கிறது, அப்பத்தா அதைத்தான் சொல்கிறாள் என்று மொழிபெயர்த்தேன். கடைசியாக மஸ்கட் வகைப் பழத்தில் செய்த இனிப்பு ஒயின் ஒன்றை ஊற்றினார். அப்பத்தா குடிக்கவே இல்லை. மூக்கருகே கொண்டுபோனவள் அப்படியே தாத்தாவிடம் நீட்டினாள்.

"நம்ம பன்னீர்ல இது?"

பன்னீர்த் திராட்சையும் மஸ்கட் குடும்பம்தான், மஸ்கட் ஹாம்பர்க் என்ற வகை. அந்த வாசனைக்காகத்தான் பன்னீர் என்ற பெயரே. 2023ல் கம்பம் பன்னீர்த் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. தாத்தா அதைப் பார்க்க இல்லை. அன்றைக்கு அந்தக் கண்ணாடிக் குவளையை இரண்டு கையாலும் வாங்கி முகர்ந்தார். பறிப்பு நாளில் பெட்டி கட்டுகிற கொட்டகை வாசனை அது என்று எனக்கும் தெரிந்தது. "பூச்சு அழியாமப் பறிக்கணும்" என்று சம்பந்தமில்லாமல் என்னிடம் சொன்னார். பழத்தின் மேலே சாம்பல் பூத்தாற்போல் இருக்குமே, அந்தப் பூச்சு. கை பட்டு அது அழிந்தால் கேரளத்து வியாபாரி விலையைக் குறைப்பான்.

வியாபாரி என்றதும் அந்தப் பெண்மணி பீட்டர் லேமன் கதையைச் சொன்னார். பரோசாவில் எல்லோருக்கும் தெரிந்த கதைதான். எழுபதுகளின் கடைசியில் திராட்சை மிதமிஞ்சி விளைந்தபோது, லேமன் வேலை பார்த்த நிறுவனம் இந்த வருஷம் விவசாயிகளிடம் பழம் வாங்காதே என்றது. அவரோ வாங்கிக்கொள்கிறேன் என்று கைகுலுக்கி வாக்குக் கொடுத்திருந்தார். எழுத்தில் ஒன்றும் கிடையாது. கடைசியில் வேலையை விட்டு, கடன் உடன் வாங்கித் தனியாக ஒரு கம்பெனி தொடங்கி அந்தப் பழத்தை எடுத்துக்கொண்டார். அதற்கு ஒரு நாடகத்தில் வருகிற சூதாடியின் பெயரை வைத்தார், இதுவும் ஒரு சூதாட்டம்தானே என்று. முந்தின வருஷம்தான், 2013ல், இறந்துபோயிருந்தார். எண்பதுகளின் நடுவில் அரசாங்கமே பணம் கொடுத்துக் கொடிகளைப் பிடுங்கச் சொன்னதையும் அந்தப் பெண்மணி சொன்னார். எத்தனையோ கிழட்டு ஷிராஸ் கொடிகள் அப்போது போயின. பத்து வருஷம் கழித்து அதே பழத்துக்கு உலகம் வரிசையில் நின்றது. "எங்கப்பா பிடுங்கினார், அதன்பிறகு அந்தப் பக்கம் நடக்கவே மாட்டார்" என்றார். நான் தமிழில் சொன்னேன். தாத்தா அவரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். அந்தப் பெண்மணிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, அவரும் கும்பிட்டார்.

அன்றிரவு தனுண்டாவில் தங்கினோம். மூன்று மணிக்குக் கண் விழித்தால் தாத்தா படுக்கையில் இல்லை. பின்புறத் திண்ணையில் போர்வையைச் சுற்றிக்கொண்டு நின்றிருந்தார். எதிர்த் தோட்டத்தில் விளக்கு எரிய ஒரு பெரிய மிஷின் நகர்ந்துகொண்டிருந்தது. இரவுக் குளிர்ச்சியில் பழம் கெடாது என்று இங்கே ராத்திரியில்தான் அறுப்பார்கள். மிஷின் வரிசைக்கு மேல் காலை அகட்டி நின்று, செடியை உலுப்பி உலுப்பிப் பழத்தை உதிர்த்துக்கொண்டு போனது.

"அடிச்சு உதுக்குறான்" என்றார் தாத்தா. "பூச்சாவது ஒண்ணாவது."

மறுநாள் செப்பல்ட்ஸ்பீல்ட். சாலையின் இரண்டு பக்கமும் ஈச்சமரம் போன்ற பனைகள், ஆயிரக்கணக்கில். முப்பதுகளின் பொருளாதார மந்தத்தில் ஆட்களை நிறுத்த மனமில்லாமல் வேலை கொடுப்பதற்காகவே நட்டவை. "பஞ்சத்து வேலை" என்றார் தாத்தா உடனே. அவருக்குப் பஞ்சம் என்றால் தாது வருஷம்தான். பாட்டன் பூட்டன் காலத்துக் கதை, 1876ல் தொடங்கி மக்களைச் சருகாக உதிர்த்த பஞ்சம். அது அடங்கிக்கொண்டிருந்த 1878ல்தான் இங்கே பென்னோ செப்பல்ட் ஒரு காரியம் செய்தார். புதிய கிடங்கைக் கட்டி முடித்த கையோடு, நல்ல போர்ட் ஒயினாகப் பார்த்து ஐந்நூறு லிட்டர் பீப்பாய் ஒன்றில் நிரப்பி, நூறு வருஷத்துக்கு இதை யாரும் தொடக் கூடாது என்றார். அடுத்த வருஷம் இன்னொன்று. அதற்கடுத்தும். 1978ல் முதல் பீப்பாயைத் திறந்தார்கள். இன்றுவரை ஒரு வருஷம் விட்டுப்போகாமல் வரிசை அங்கே இருக்கிறது. முன்பதிவு செய்துகொண்டு போனால் நாம் பிறந்த வருஷத்துப் பீப்பாயிலிருந்து கொஞ்சம் எடுத்துக் கொடுப்பார்கள்.

தாத்தாவுக்கென்று பதிவு செய்து வைத்திருந்தேன். பாஸ்போர்ட்டில் இருக்கிற 1938.

கிடங்கு இருட்டாக, சில்லென்று, காய்ச்சின பாகு வாடையோடு இருந்தது. பீப்பாய்களின் நெற்றியில் வருஷ எண்கள். தாத்தாவுக்கு இங்கிலீஷ் வராது, எண் வரும். ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டே வந்தவர் 1936 முன்னால் நின்றுவிட்டார்.

"நான் இங்கதான்."

"பாஸ்போர்ட்ல முப்பத்தெட்டுல்ல இருக்கு தாத்தா?"

"அது வாத்தியார் போட்டது. நான் தாது வருசத்து ஐப்பசி."

அறுபது வருஷச் சுற்றில் தாது திரும்பி வந்தது 1936ல். கணக்குச் சரிதான். பிறகு அந்த இருட்டில் நின்றபடியே சொன்னார். அந்தக் காலத்தில் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வயது கேட்க மாட்டார்கள். வலது கையைத் தலைக்கு மேல் வளைத்து இடது காதைத் தொடச் சொல்வார்கள். தாத்தாவுக்குக் கை எட்டிவிட்டது. கூடவே போன தம்பிக்கு எட்டவில்லை. தம்பி அழுதான். இவனை விட்டுவிட்டு நான் மட்டும் போக மாட்டேன் என்று இவரும் வீட்டுக்குத் திரும்பிவிட்டார். தம்பியின் கை எட்டுவதற்கு இரண்டு வருஷம் ஆனது. அதுவரை இரண்டு பேரும் ஆடு மேய்த்தார்கள். ஒரே நாளில் சேர்ந்தபோது வாத்தியார் இரண்டு பேருக்கும் ஒரே தேதியைப் போட்டுவிட்டார்.

"ரெக்கார்டுல நாங்க ரெட்டப் பிள்ளைக" என்றார்.

வழிகாட்டியாக வந்த இளைஞன் 1938 பீப்பாயின் அடைப்பை எடுத்து, நீளக் கண்ணாடிக் குழாயை உள்ளே விட்டான். விரலால் மேல் ஓட்டையை அடைத்துத் தூக்கினான். குழாய்க்குள் ஏறியிருந்தது கறுப்புத்தான். சின்னக் கிண்ணத்தில் இறங்கும்போது விளிம்பில் மட்டும் பச்சை ஓடிய பழுப்பு. சிந்தவில்லை, வழிந்தது. எழுபத்தாறு வருஷத்தில் தண்ணீரெல்லாம் மரத்தின் வழியாக ஆவியாகிப் போய்ச் சத்து மட்டும் நின்றிருக்கிறது. கிண்ணத்தைச் சாய்த்தால் கண்ணாடியில் கறை பிடித்தது.

தாத்தா ஆட்காட்டி விரலை அதில் தொட்டு நாக்கில் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். கருப்பட்டிப் பாகு, சுட்ட அத்திப்பழம் என்று நான் ஏதோ உதவிக்கு வந்தேன். அவர் காதில் வாங்கவில்லை.

"தம்பி வயசு" என்றார்.

அன்றுவரை அவர் வாயில் அந்தச் சொல்லை நான் கேட்டதில்லை. இளைஞனுக்கு விவரத்தைச் சொன்னதும், வேண்டுமானால் 1936லிருந்தும் எடுத்துத் தருகிறேன் என்றான். தாத்தா கையை அசைத்தார். இது போதும். கிண்ணத்தை அப்பத்தா வாங்கிக்கொண்டாள். முகர்ந்தாள், ஒரு மடக்குக் குடித்தாள், படிக்கத்தைத் தேடவே இல்லை. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "என்ன? திராட்சாரிஷ்டந்தான இது. குமுளி வைத்தியர் குடுக்குறதுதான்" என்று மிச்சத்தையும் முடித்தாள்.

திரும்பும்போது மத்தியானம் மூன்று மணி இருக்கும். பனை வரிசை முடிகிற வரைக்கும் வண்டியில் ஒருவரும் பேசவில்லை.

"அங்க இப்ப மணி என்ன?" என்றார் தாத்தா.

"காலைல பத்து."

"தோட்டத்துலதான் இருப்பான்."

"யாரு தாத்தா?"

பின்சீட்டிலிருந்து அப்பத்தா என் தோளில் இடித்தாள். "நீ ரோட்டப் பாத்து ஓட்டு." கொஞ்ச தூரம் போனதும் அவளே வண்டியை ஓரங்கட்டச் சொன்னாள். போனை எடுத்துக் கொடுத்தேன். தாத்தா அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நம்பர் அவரிடம் இல்லை. அப்பத்தா எங்கும் பார்க்காமல், ஜன்னலுக்கு வெளியே முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஒவ்வொரு எண்ணாகச் சொல்ல ஆரம்பித்தாள். ஓரகத்திகள் இரண்டு பேரும் இத்தனை வருஷமும் பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள்.

மணி போனது. நாலாவது மணியில் எடுத்தார்கள். தாத்தா தொண்டையைச் செருமினார்.

"நாந்தான்" என்றார். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. "டேம்ல தண்ணி எத்தனை அடி நிக்குது?"